வீசிய கையும் வீசிய மண்ணும்

  

வெண்கலத்தில் வார்த்த ஓர் இளைஞன். மேனியில் ஆடையில்லை. ஒரு காலை முன்வைத்து, உடலை வில்லாக வளைத்து, வலக்கையைப் பின்னோக்கி ஓங்கியிருக்கிறான். அந்தக் கையில் அவன் பற்றியிருப்பது வேலன்று, வாளன்று, கல்லுமன்று. வெட்டுண்ட ஒரு பெருங்கை! அவன் காலடியில் மலைபோல் ஓர் அரக்கனின் உடல் கிடக்கிறது. அதன் கைம்மூட்டிலிருந்து குருதி பாயவேண்டிய இடத்தில் தண்ணீர் பீறிட்டுப் பாய்கிறது. அவ்விளைஞனைத் தாங்கும் கோட்டையைக் கடல்மகளிர் தோளில் ஏந்தி நிற்கின்றனர். பாயும் நீரைத் தாங்கத் தொட்டி ஏதுமில்லை. நீர் பாறைகளின் மேல் விழுந்து, கற்களுக்கிடையே வழிந்து, மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது.

இந்த நீரூற்று பெல்சிய நாட்டின் வடபகுதியில், ஆண்டுவெர்ப்பு என்னும் துறைமுக நகரில், பேரங்காடி வெளியின் நடுவே நிற்கிறது. அதன் பின்னே 1565ஆம் ஆண்டில் கட்டி முடித்த நகரமன்ற மாளிகை உயர்ந்து தோன்றும். நீரூற்றை வடித்தவர் அந்நகரிலேயே 1852இல் பிறந்த யெப்பு இலாம்போ என்னும் கலைஞர். அது நிறுவப்பெற்ற ஆண்டு 1887.

தமிழ் மேடையில் ஐரோப்பிய நீரூற்றுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பொறுத்துக் கேளுங்கள். இந்நீரூற்று ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. ஊர்ப்பெயர் ஒன்றுக்கு மக்கள் சொன்ன பொருள் கதையாயிற்று, கதை வெண்கலமாயிற்று. ஒரு சொல்லை எப்படி ஆயவேண்டும், எப்படி ஆயக்கூடாது, தாய்மொழியை எப்படிக் காக்கவேண்டும் என்னும் மூன்று பாடங்களும் அந்த ஒற்றை ஊற்றில் சுரக்கின்றன. சொல்லாய்வைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்ட தமிழ் இயக்கத்தார்க்கு அப்பாடங்கள் அயலானவை அல்ல.

முதலில் கதையைக் கேளுங்கள்.

ஆண்டுவெர்ப்பு நகரைத் தழுவிக்கொண்டு சுகெல்டே என்னும் ஆறு ஓடுகிறது. உரோமர் ஆட்சி பரவிய பழங்காலத்தில் அவ்வாற்றங்கரையில் துரூவன் அந்திகோன் என்னும் அரக்கன் ஒருவன் கோட்டை கட்டி வாழ்ந்தானாம். ஆற்றில் செல்லும் ஒவ்வொரு மரக்கலத்தையும் மறித்து ஆயம் கேட்பான். அந்நாளில் தமிழர் உல்கு என்றும் இந்நாளில் சுங்கம் என்றும் வழங்கும் அதே வரிதான். கொடுத்தவன் போகலாம். கொடுக்க மறுத்தவனின் கையை வெட்டி ஆற்றில் எறிவான். கை போன படகோட்டிக்கு வாழ்வேது? துடுப்புப் பிடிக்க வேண்டிய கையல்லவா அது! இப்படி எத்தனையோ பேர் கையிழந்து வாழ்விழந்த பின்னர், சில்வியசு பிராபோ என்னும் உரோமப் படைமறவன் வந்தான். அரக்கனோடு பொருது அவனை வீழ்த்தினான். பிறர்க்கு அவன் செய்ததையே அவனுக்குச் செய்து, அவன் கையை வெட்டிச் சுகெல்டே ஆற்றில் வீசினான்.

அம்மக்கள் பேசும் இடச்சு மொழியில் 'ஆண்டு' என்றால் கை. 'வெர்ப்பன்' என்றால் வீசுதல். ஆகவே கையை வீசிய இடம் 'ஆண்டுவெர்ப்பன்' ஆயிற்று என்பது ஊரார் கூறும் பெயர் வரலாறு. பிராபோவின் பெயரால்தான் அவ்வட்டாரம் முழுதும் பிராபாந்து எனப் பெயர்பெற்றது என்றும் சேர்த்துச் சொல்வர். நகரின் பழைய இலச்சினையிலும் ஒரு கோட்டையும் வெட்டுண்ட இரு கைகளும் உண்டு. கதைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமா என்று ஊரார் கேட்டனர். 1934இல் யூத அடுமனையாளர் ஒருவர் கைவடிவில் இன்பண்ணியம் செய்து விற்றார். இன்றும் அந்நகருக்குச் செல்வோர் அந்தக் 'கை'களை வாங்கித் தின்றுவிட்டுத்தான் திரும்புகின்றனர். வாளால் வெட்டிய கை, காலப்போக்கில் குழந்தைகள் கடிக்கும் தின்பண்டமாயிற்று. மக்கள் மனம் பழங்கதையை ஆளும் முறை அது!

கதைக்குச் சான்றாக எலும்பையும் காட்டினர். 1520ஆம் ஆண்டில் செருமானிய ஓவியர் ஆல்பிரெட்டு தூரர் ஆண்டுவெர்ப்புக்கு வந்தார். நகரத்தார் அவருக்கு அரக்கனின் எலும்புகளைக் காட்டினர். முழங்காலுக்கு மேற்பட்ட எலும்பு மட்டுமே ஐந்தரை அடி நீளம் என்று அவர் தம் பயணக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கூர்த்த கண்ணுடைய கலைஞர்; ஆயினும் ஊரார் சொன்னதை ஐயுறவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தார் அரக்கனுக்கு ஒரு பேருருவமும் செய்து, திருவிழா ஊர்வலங்களில் இழுத்துச் சென்றனர். தம் முன்னோரை வெட்டிய கொடியவனையே தம் விழாவின் தலைவனாக்கிக் கொண்டனர். நகரமன்ற மாளிகையின் முகப்பிலும் பிராபோவின் சிலை இடம்பெற்றது. ஆனால் 1585இல் இசுப்பானியப் படை நகரைக் கைப்பற்றிய பின், 1587இல் அச்சிலையை அகற்றி அவ்விடத்தில் கன்னி மரியாளின் சிலையை வைத்தனர். முகப்பிலிருந்து இறக்கப்பட்ட பிராபோ, சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1887இல், அதே மாளிகைக்கு முன்னே நீரூற்றாகி எழுந்து நின்றான்.

இனி, சொல்லாய்வுக்கு வருவோம்.

கதை அழகியது. ஆனால் அது மெய்யா? ஊர்ப்பெயரின் மிகப் பழைய வடிவங்களை எடுத்து நோக்கிய மொழிநூலார், அவற்றில் 'கை' என்னும் சொல்லின் தொடக்கத்தில் வரவேண்டிய மூச்சொலியைக் காணவில்லை. இடச்சு மொழியில் கையைக் குறிக்கும் சொல் அம்மூச்சொலியோடுதான் தொடங்கும். தமிழ் நெடுங்கணக்கில் அவ்வொலிக்கு எழுத்தில்லை. பழைய ஆவணங்களிலோ ஊரின் பெயர் அவ்வொலியின்றி 'அண்டு' என்றே தொடங்குகிறது. அந்த 'அண்டு' அல்லது 'அண்ட' என்பது பழஞ்செருமானிய மொழிகளில் 'எதிராக, சேர்த்து' என்னும் பொருள் தரும் முன்னொட்டு. 'வெர்ப்பு' என்பது வீசுதல். ஆக, 'சேர்த்து வீசப்பட்டது' என்பதே ஊர்ப்பெயரின் பொருள் என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். எதைச் சேர்த்து வீசியது? எவர் வீசியது? ஆறு வீசியது, மண்ணை வீசியது! சுகெல்டே தன் வளைவில் கரையோரமாகக் கொணர்ந்து கொட்டிய வண்டல்மேடே பின்னர் ஊராயிற்று. ஆற்றோரத்து எக்கல்மேட்டில் எழுந்த ஊர் அது.

அவையோரே, இங்கே ஒரு நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஊரார் கதை முழுப்பொய்யும் அன்று, முழுமெய்யும் அன்று. 'வீசுதல்' என்னும் பாதி மெய். 'கை' என்னும் பாதி புனைவு. மக்கள் செவி தன் மொழியின் ஒரு வேரைத் தவறாது கேட்டது; மற்றொரு வேர் வழக்கிழந்து மறைந்துவிட்டதால், அந்த வெற்றிடத்தைத் தனக்குத் தெரிந்த சொல்லைக் கொண்டு நிரப்பிக்கொண்டது. சொல் தேயும்போது கதை முளைக்கிறது. பொருள் மறந்த இடத்தில் அரக்கன் பிறக்கிறான். ஊர்ப்பெயர்க் கதைகள் பலவும் இவ்வகையில் பிறந்தவையே. அவற்றை எள்ளி ஒதுக்குவதும் தவறு. வரலாறென்று தலையில் தூக்குவதும் தவறு. கதைக்குள் எது வேர், எது ஒட்டு என்று பிரித்தறிவதே புலமை.

அந்தப் பிரித்தறிவு எங்கே வழுக்கும் என்பதற்கும் ஆண்டுவெர்ப்பு நகரே எடுத்துக்காட்டுத் தருகிறது.

16ஆம் நூற்றாண்டில் அந்நகரில் கொரோப்பியசு பெக்கானசு என்னும் மருத்துவர் வாழ்ந்தார். பன்மொழி கற்றவர். ஆண்டுவெர்ப்பின் தோற்றம் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1569இல் அந்நகரின் புகழ்பெற்ற பிளாந்தேன் அச்சகத்தில் அச்சாயிற்று. அரக்கன் கதையை அவர் நம்பவில்லை. உடற்கூறு அறிந்தவராதலால் எலும்புகளை ஆராய்ந்தார். இவை மாந்த எலும்புகளல்ல. யானையினுடையவை என்று துணிந்து எழுதினார். ஊரே நம்பிய ஒன்றை ஊர் நடுவிலிருந்து மறுக்க எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அரக்கனின் எலும்பென்று காட்டப்பட்டது திமிங்கில எலும்பு எனப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். விலங்கின் பெயரில் வேறுபாடு இருக்கலாம். அரக்கன் இல்லை என்னும் முடிவில் பெக்கானசு பிழைக்கவில்லை.

ஆனால் அதே அறிஞர் அதே நூலில் வேறொன்றையும் எழுதினார். உலகின் முதல் மொழி எது என்னும் வினாவை எழுப்பி, அது தம் ஊரார் பேசும் மொழியே என்றார்! ஏதேன் தோட்டத்தில் முதல் மாந்தனும் முதற்பெண்ணும் பேசியது ஆண்டுவெர்ப்புப் பேச்சே என்றார். அதற்கு அவர் காட்டிய கரணியம் என்ன? பழைய மொழியில் சொற்கள் குறுகியிருக்க வேண்டும். தம் மொழியின் சொற்களே மிகக் குறுகியவை. ஆகவே அதுவே பழையது என்பதாம். 'ஆதாம்' என்னும் பெயரைத் தம் மொழிச் சொற்களாகப் பிரித்து, 'பகையைத் தடுக்கும் அணை' என்று பொருள் கண்டார். எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் அவர் கையில் ஆண்டுவெர்ப்புத் தெருப்பேச்சின் சிதைவுகளாயின.

விளைந்தது என்ன? எலும்பை ஆய்ந்த பெக்கானசை உலகம் மறந்தது. சொல்லைச் சிதைத்த பெக்கானசை எள்ளி நினைத்தது. பின்னாளில் செருமானியப் பேரறிஞர் இலைப்பினிட்சு, ஒலியொப்புமை ஒன்றையே பிடித்துக்கொண்டு மனம்போல் வேர் காணும் செயலைக் குறிக்க, அவர் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல்லைப் படைத்தார். 'கொரோப்பியசுத்தனம் செய்தல்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். எலும்பை ஆயும்போது கண்ணைத் திறந்து வைத்தவர், மொழியை ஆயும்போது பற்றினால் கண்ணை மூடிக்கொண்டார். அரக்கனை மறுத்தவர் வேறோர் அரக்கனைத் தாமே படைத்தார். அந்த அரக்கன் அவருடைய நற்பெயரையே ஆயமாகப் பறித்துக்கொண்டான்.

தமிழ்ப்பற்றுடையார் இந்த வரலாற்றை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டு உண்டு; இலக்கியம் உண்டு; இலக்கணம் உண்டு; மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பானையோட்டெழுத்தும் உண்டு. இத்துணைச் சான்று உடைய மொழிக்குப் பொய்ச்சான்று எதற்கு? நூறு மெய்க்கிடையே ஒரு பொய்யைக் கலந்தால், பகைவன் அந்த ஒன்றைக் காட்டியே நூற்றையும் தள்ளுவான். ஓர் அயற்சொல்லைத் தமிழென்று காட்டும் முன், அதன் பழைய வடிவம் எது, எந்த நூலில் எந்தக் காலத்தில் முதலில் வருகிறது, ஒலி மாறிய முறைக்கு இணையான பிற சொற்கள் உளவா, இனமொழிகளில் அது எவ்வாறு வழங்குகிறது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை வேண்டும். விடையிருந்தால் உலகமே எதிர்த்தாலும் அஞ்ச வேண்டா. விடையில்லையேல் ஊரே கைதட்டினாலும் மயங்க வேண்டா.

பெக்கானசின் காலத்திலேயே வாழ்ந்த மற்றொருவரைக் காணுங்கள். சீமோன் இசுட்டெவின் என்பவர் 1548இல் புரூசு நகரில் பிறந்தார். இளமையில் ஆண்டுவெர்ப்பில் கணக்கராய் வேலை பார்த்தார். பின்னர் வடநாடாகிய ஆலந்துக்குச் சென்றார். பதின்மக் கணக்குமுறையை விளக்கும் சிறுநூலை 1585இல் இலத்தீனில் அன்று, தாய்மொழியில் வெளியிட்டார். தம் மொழியே சிறந்தது என்னும் பெருமிதம் அவருக்கும் உண்டு. ஆனால் பெருமிதத்தோடு அவர் நின்றுவிடவில்லை, சொல் படைத்தார். கணக்கியலுக்கு ஐரோப்பிய மொழிகள் பலவும் கிரேக்கச் சொல்லையே இரவல் வாங்கியிருக்க, அவர் 'உறுதியானதை அறியும் கலை' என்னும் பொருளில் தாய்மொழிச் சொல்லொன்றை ஆக்கினார். மும்மூலை வடிவத்துக்கும், இணைகோட்டுக்கும், வட்டத்தின் நடுக்கோட்டுக்கும் கடைத்தெருவில் நிற்பவனுக்கும் விளங்கும் சொற்களை வழங்கினார். 400 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்றும் ஆண்டுவெர்ப்புப் பள்ளிப்பிள்ளை கணக்குப் பாடத்தை அவர் வழிவந்த சொல்லால்தான் சொல்கிறான்.

பெக்கானசு 'என் மொழியே முதல்' என்றார், எஞ்சியது எள்ளல். இசுட்டெவின் 'என் மொழியிலும் இயலும்' என்று செய்து காட்டினார், எஞ்சியது கல்வி. இருவரும் பற்றுடையாரே. ஒருவர் பற்று பின்னோக்கிப் பார்த்தது. மற்றவர் பற்று பிள்ளைகளை நோக்கிப் பார்த்தது.

மீண்டும் நீரூற்றுக்குத் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அறிவியல் வளர்ந்த காலத்தில், பொய்யென்று அறிந்தே ஒரு நகரம் அப்பழங்கதைக்கு ஏன் வெண்கல வடிவம் கொடுத்தது?

அரக்கன் பொய், ஆனால் ஆற்றை மறித்து ஆயம் கேட்டது பொய்யன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுவெர்ப்பு ஐரோப்பாவின் முதற்பெரும் வணிகத் துறை. சேரநாட்டு மலைச்சாரலில் விளைந்த மிளகைப் போர்த்துக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் குவித்து விற்றதும் அங்கேதான். முசிறித் துறையிலிருந்து யவனர் பொன் கொடுத்து வாங்கிச் சென்ற அதே மிளகு, பதினைந்து நூற்றாண்டுகள் கழித்துச் சுகெல்டே ஆற்றங்கரையில் மணத்தது. அத்தகைய துறை 1585க்குப் பின் மூச்சுத் திணறியது. ஆற்றின் கழிமுகம் ஆலந்துக்காரர் கையில் இருந்தது. அவர்கள் அதை அடைத்தனர். 1648இல் ஏற்பட்ட மூன்சுதர் உடன்படிக்கை அவ்வடைப்பை உறுதிசெய்தது. 1795இல் பிரஞ்சுக்காரர் காலத்தில் ஆறு மீண்டும் திறந்தது. பெல்சியம் 1830இல் தனிநாடான பின், 1839ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆற்றில் வரும் கப்பல்களுக்கு ஒரு டன்னுக்கு 1.50 கில்டர் என்று ஆலந்து ஆயம் விதித்தது. 1863இல்தான் ஏறத்தாழ 1 கோடியே 71 இலட்சம் கில்டர் கொடுத்து அந்த ஆயத்தை மீட்டனர். அத்தொகையைப் பெல்சியத்தோடு பிற கடல்வணிக நாடுகளும் பகிர்ந்து கொடுத்தன.

ஆறு விடுதலையடைந்து 24 ஆண்டுகள் கழிந்தபோது எழுந்ததே பிராபோ நீரூற்று. அதைப் பார்த்த முதியோர் பலர் ஆயம் கட்டிய கப்பல்களைத் தம் கண்ணாலே கண்டவர்கள். அவர்களுக்கு அரக்கன் பழங்கதை மாந்தனல்லன், நேற்றைய கணக்கேடு. வீசப்பட்ட கை ஆற்றை மறித்த கை. ஊற்றின் நீரைத் தொட்டிக்குள் அடைக்காமல் கற்களின்மேல் ஓடவிட்ட அமைப்பும், தடையின்றி ஓடும் ஆற்றைக் காண்பார் நெஞ்சில் நிறுத்துகிறது.

அதே காலத்தில் அம்மக்கள் மற்றொரு தளையையும் அறுத்துக்கொண்டிருந்தனர். 1830இல் பிறந்த பெல்சியத்தில் ஆட்சியும் வழக்குமன்றமும் உயர்கல்வியும் பிரஞ்சு மொழியிலேயே நடந்தன. நாட்டு மக்களில் பெரும்பாலோர் பேசியதோ பிளமிய வட்டாரங்களின் இடச்சு மொழி. அவர்களுடைய பேச்சு உழவனுக்கும் வேலைக்காரனுக்கும் உரிய தாழ்ந்த பேச்சென்று மேட்டுக்குடியினர் இகழ்ந்தனர். ஊரின் பெயரையே 'ஆன்வேர்' என்று பிரஞ்சில் சொன்னால்தான் உயர்வு என்னும் நிலை. 1812இல் ஆண்டுவெர்ப்பில் பிறந்த எண்டிரிக்கு கான்சியன்சு இந்நிலையில்தான் எழுதத் தொடங்கினார். அவர் தந்தை பிரஞ்சுக்காரர். தாய் பிளமியப் பெண். அவர் தாயின் மொழியைத் தேர்ந்தார். 'பிளாண்டர்சின் அரிமா' என்னும் அவருடைய வரலாற்றுப் புதினம் 1838இல் வெளிவந்தது. படிக்க ஒன்றுமில்லை என்றிருந்த மக்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று அம்மக்கள் அவரைப் போற்றுகின்றனர். அவர் உயிரோடிருக்கும்போதே, 1883 ஆகத்தில் ஆண்டுவெர்ப்பு அவருக்குச் சிலை எடுத்தது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

உரிமைகள் ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாக வந்தன. பிளமிய நிலத்தில் குற்ற வழக்குகளை மக்கள் மொழியில் நடத்த 1873இல் சட்டம் வந்தது. ஆட்சி அலுவலகங்களுக்கு 1878இலும், இடைநிலைப் பள்ளிகளுக்கு 1883இலும் வந்தது. நாட்டின் சட்டங்கள் இரு மொழியிலும் இணையான மதிப்புடையவை என்னும் சட்டம் 1898இல் நிறைவேறிற்று. கெண்டு நகரப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. முதல் உலகப்போரில் நாட்டைப் பிடித்த செருமானியப் படை, 1916இல் அதை இடச்சு மொழிப் பல்கலைக்கழகமாக்கித் தந்தது. படை தந்த கொடை படையோடு 1918இல் போயிற்று. அக்கொடையை ஏற்றோர்க்குப் பழியும் ஒறுப்புமே எஞ்சின. பின்னர் மக்கள் தாமே உழைத்து, தம் பேரவையில் சட்டமியற்றி, 1930இல் பெற்றனர், அது நிலைத்தது. அயலான் கையால் வாங்கிய உரிமை நில்லாது. தன் கையால் ஈட்டிய உரிமையே நிற்கும். நாட்டின் அரசியலமைப்பு இடச்சு மொழியிலும் சட்ட மதிப்புடைய மூலமாக ஏற்கப்பட்டது 1967இல். நாடு பிறந்து 137 ஆண்டுகள் கழிந்தபின்!

இத்துடன் உரையை முடித்தால் வெற்றிப்பாட்டாக முடியும். ஆனால் மெய்யை முழுதும் சொல்லாத உரை பாதிப்பொய். கை என்னும் அடையாளத்துக்கு இருண்ட பக்கம் ஒன்றுண்டு.

நீரூற்று எழுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1885இல், பெல்சிய வேந்தன் இரண்டாம் இலியோபோல்டு ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டைத் தன் தனியுடைமையாக்கிக் கொண்டான். அங்கிருந்து வந்த இரப்பரும் யானை மருப்பும் ஆண்டுவெர்ப்புத் துறையில்தான் இறங்கின. ஆண்டுவெர்ப்பின் பெயரையே தாங்கிய வணிகக் குழு ஒன்றும் காங்கோவின் இரப்பர்க் காடுகளில் உரிமை பெற்றிருந்தது. அளவு குறைந்த ஊர்களின்மேல் படையை ஏவினர். சுட்ட குண்டு வீண்போகவில்லை என்பதற்கு, சுடப்பட்டவனின் வலக்கையை வெட்டிக் கணக்குக் காட்டவேண்டும் என்பது முறை. குண்டை வேட்டையில் செலவிட்ட படையாள், கணக்குக்காக உயிரோடிருப்போர் கையையும் வெட்டினான். இங்கிலாந்துக் கப்பல் குழுவொன்றின் எழுத்தராக ஆண்டுவெர்ப்புத் துறைக்கு வந்துபோன மோரெல் என்பவர், வரும் கப்பலில் இரப்பரும் மருப்பும் இருப்பதையும், போகும் கப்பலில் வணிகப் பொருளுக்கு மாறாகத் துமுக்கியும் குண்டும் இருப்பதையும் கண்டார். இது வணிகமன்று, கொள்ளை என்று உணர்ந்து உலகறிய எழுதினார். 1904இல் அவர் தோழர்களோடு இயக்கம் தொடங்கினார். 1908இல் வேந்தன் காங்கோவைப் பெல்சிய அரசிடம் விட்டான். கைவெட்டிய அரக்கனை வீழ்த்தியதாகப் பெருமை கொண்ட நகரின் துறையிலேயே கைவெட்டி ஈட்டிய பொருள் இறங்கியது!

அந்நாளில் நீரூற்றைச் சுற்றி நின்ற எத்தனை பேர்க்கு அது உறுத்தியிருக்கும்? தன்னை மறித்தவனை அரக்கன் என்று அறிவது எளிது. தன் பெயரால் பிறன் கை வெட்டப்படும்போது, அரக்கன் இப்போது எங்கே நிற்கிறான் என்று கேட்பதுதான் அரிது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரேனும் அக்கேள்வி எழுந்தது. ஆண்டுவெர்ப்பைச் சேர்ந்த ஏக்கரன் பகுதியில் நின்ற இலியோபோல்டு சிலையை 2020ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அகற்றினர். பிராபோ இன்னும் நிற்கிறான்.

அவன் நிற்கட்டும். பழங்கதையை உடைத்தெறிவது அறிவன்று. அதை வரலாறென்று வழிபடுவதும் அறிவன்று. ஆண்டுவெர்ப்பு மக்கள் இன்று பிராபோவைக் குழந்தைகளுக்குக் காட்டிக் கதை சொல்கின்றனர். அதே குழந்தைகளுக்குப் பள்ளியில் ஊர்ப்பெயரின் மெய்ப்பொருளையும் சொல்கின்றனர். அரக்கனின் எலும்பு திமிங்கிலத்தின் எலும்பு என்பதை அறிந்தே அவனுடைய பேருருவத்தை அருங்காட்சியகத்தில் காத்துவருகின்றனர். மெய் தெரிந்ததால் கதை சாகவில்லை. கதை வாழ்வதால் மெய் மறையவில்லை.

தமிழ் இயக்கத் தோழர்களே! தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் இவ்வாறு கதையும் உண்டு, வேரும் உண்டு. கதையை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வேரைக் கல்வெட்டிலும் செய்யுளிலும் மக்கள் வழக்கிலும் தேடுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாதீர்கள். 'என் மொழியே முதல்' என்று மேடையில் முழங்குவதற்குச் செலவிடும் பொழுதில் பாதியை, ஒரு பாடத்துக்கேனும் நல்ல கலைச்சொல் ஆக்குவதற்குச் செலவிடுங்கள். முழக்கம் அன்றைய மாலையோடு அடங்கும். நல்ல சொல் பிள்ளைகளின் நாவில் நானூறு ஆண்டு வாழும்.

ஆறு ஒரு நாளும் கையை வீசவில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக மண்ணைத்தான் வீசியது. ஓர் அரக்கனும் அறியாமல், ஒரு மறவனும் பாராமல், அந்த மண்ணே மேடாகி, ஊராகி, உலகறிந்த நகராயிற்று. மொழியைக் காக்கும் பணியும் அத்தகையதே. ஒரு நாளில் கைவீசி முடிவதன்று. நாளும் மண் சேர்ப்பது.

மெய் வழி நிற்போம்! மொழி வழி வாழ்வோம்!